பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் நெல்லைச் சீமையின் மண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களக்காடு, ஏர்வாடிப் பக்கம் இன்றும் பழைய ஜீப்புகள் வாழைத்தார் சுமக்கின்றன. திருக்குறுங்குடியிலிருந்து மலை நம்பி கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் செல்பவையும் ஜீப்புகள்தாம். அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர் இப்போது ஒரு பழைய மகிந்திராவையோ ஜிப்ஸியையோ வாங்கிச் சீரமைத்து, தார்ச்சாலையை விட்டு இறங்க விரும்புகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்றும் ஒரே மாவட்டமாக இருந்த பழைய எல்லையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். தேரி எனும் செம்மணல் மேடுகளும் கரிசலும் பொத்தை எனும் சிறு பாறைக் குன்றுகளும் அந்த எல்லை முழுவதும் பரந்து கிடக்கின்றன.

எந்த வண்டியை வாங்கலாம்?

உங்கள் ஊர்ப் பட்டறையில் எந்த வண்டிக்குக் கை பழகிய மெக்கானிக் இருக்கிறாரோ அந்த வண்டியை வாங்குங்கள். வண்டியின் பெயரைவிட இது முக்கியம்.

மகிந்திரா எம்எம்540இல் 2112 சிசி பூஜோ டீசல் என்ஜின். வேகம் கிடையாது, ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும், எலக்ட்ரானிக் பெட்டி எதுவும் இல்லை. பழைய வண்டிகளுக்கு உதிரி பாகம் தேடித் தரும் கடைகளில் அதன் சாமான்கள் இன்னமும் கிடைக்கின்றன. மாருதி ஜிப்ஸி 1985இல் 970 சிசி பெட்ரோல் என்ஜினோடு வந்தது, பிறகு 1298 சிசி ஆனது. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். மணலில் அந்த எடைக்குறைவுக்கு ஈடாக எதுவும் இல்லை. தேரிப் பக்கம் அதிகம் போகிறவருக்கு நான் ஜிப்ஸியைத்தான் சொல்வேன். தோட்டத்துக்குச் சுமையும் ஏற்ற வேண்டும் என்றால் மகிந்திரா. 2010இல் வந்த முதல் தலைமுறை 'மகிந்திரா தார்' வண்டி, சாலையில் இவை இரண்டையும்விடச் சுகமானது. ஆனால் அதன் சிஆர்டிஇ டீசல் வகையில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) உள்ள தனிச் சஸ்பென்ஷன் இருப்பதால், பழைய ஜீப்புகளுக்குச் செய்யும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை எதுவும் அதன் முன்பக்கத்துக்குப் பொருந்தாது.

பழைய வண்டியை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். படுத்துக்கொண்டு அடியைப் பாருங்கள். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்று செஸியைத் தின்றிருக்கும். பட்டை மாட்டும் பிராக்கெட், பட்டையின் முனையைச் செஸியோடு இணைக்கும் ஷாக்கிள் இருக்கும் இடம், பின்பக்கக் குறுக்குச் சட்டம் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறிய இடம் மந்தமாக ஒலிக்கும், சில நேரம் சுத்தியல் உள்ளேயே இறங்கிவிடும். துருவின் மேல் புதிதாகக் கருப்பு பெயின்ட் அடித்திருந்தால் விற்பவரிடம் காரணத்தைக் கேளுங்கள்.

அடுத்தது நான்கு சக்கர இயக்கம். லீவர் விழுகிறது என்பதாலேயே நான்கு சக்கரமும் இழுக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. சமதளத்தில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, என்ஜினை அணைத்து, ஃபோர் வீலில் போட்டு, முதல் கியரில் விட்டுவிடுங்கள். முன்சக்கரங்களை ஆக்ஸிலிலிருந்து பிரித்துவிடும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் இரண்டையும் பூட்டுங்கள். இப்போது முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடி நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் ஹப்போ, ஆக்ஸில் ஷாஃப்டோ, இழுவையை முன்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸோ ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. முன் ஷாஃப்ட்டையே கழற்றி வைத்துவிட்டு வண்டி விற்பவர்களும் உண்டு.

கடைசியாக, செஸியில் அடித்திருக்கும் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய ஜீப்புகளில் என்ஜின் மாறியிருப்பது சாதாரணம், அது ஆர்.சி.யில் ஏறாமல் இருப்பதும் சாதாரணம். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதிவு காலாவதியான, எண் பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வாங்கியாயிற்று. முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்ற வேண்டாம். முதலில் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் பெரும்பாலும் தவறான இடத்திலிருந்துதான் செலவாகத் தொடங்குகிறது. பம்பரும் மேலே விளக்கு வரிசையும் ஏறிய வண்டியில், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் ஆடிக்கொண்டிருக்கும். வேகம் எடுத்தால் ஸ்டியரிங் உதறும்.

பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஹோஸ், வீல் சிலிண்டர், லைனிங் எல்லாம் புதிதாகட்டும். பிறகு ஸ்டியரிங்: டை ராடு எண்ட், கிங்பின், ஸ்டியரிங் பாக்ஸ். அதன் பிறகு ரேடியேட்டர். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மணலில், லோ கியரில் வண்டி மெதுவாக ஊரும்போது காற்று கிடைக்காமல் என்ஜின் கொதிக்கும். அடைப்பெடுத்த ரேடியேட்டர், நல்ல ஃபேன் பெல்ட், வேலை செய்யும் தெர்மோஸ்டாட், உண்மை சொல்லும் வெப்பமானி நான்கும் இல்லாமல் தேரியில் இறங்காதீர்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பல பட்டறைகளில் வழக்கம், அது மருந்தல்ல. ஜாயின்ட்டுகளுக்கு கிரீஸ், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பின் ஆக்ஸில் ஹவுசிங் எல்லாவற்றுக்கும் புது ஆயில்.

இவ்வளவும் முடிந்தபின் அதே வண்டியை ஒரு பருவம் ஓட்டுங்கள். எது போதவில்லை என்பதை வண்டியே காட்டும்.

வண்டியை உயர்த்த வேண்டாமா? எல்லோரும் லிஃப்ட் போடுகிறார்களே?

உயரம் குறைந்துவிட்டது என்று நினைக்கும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையில் பட்டை தொய்ந்திருக்கிறது. பட்டைகளைக் கழற்றி, ஒடிந்தவற்றை மாற்றி, வளைவு ஏற்றி, புஷ்ஷும் ஷாக்கிளும் புதிதாகப் போட்டால் இழந்த உயரம் திரும்ப வந்துவிடும். அது சட்டத்துக்கும் உட்பட்டது, செலவும் குறைவு. பட்டை அடிக்கும் அண்ணாச்சியிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: சுமைக்காக இலை கூட்ட வேண்டாம். இலை கூடினால் பட்டை விறைத்துவிடும். மேடுபள்ளத்தில் சக்கரம் கீழே இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தால் பயனில்லை.

அதற்கு மேல் இரண்டு அங்குலம், நான்கு அங்குலம் என்று உயர்த்தினால் பிரேக் ஹோஸ் எட்டாது, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி ஜாயின்ட் தேயும், டிராக் ராடின் கோணம் மாறிப் பள்ளத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ஜிப்ஸி போன்ற குறுகிய, உயரமான வண்டி சரிவில் சாய்ந்துவிடும் ஆபத்தும் வளரும். தொய்ந்த பட்டை வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் முடிவான கருத்து.

எந்த அளவு டயர் போடலாம்?

கணக்கைப் பாருங்கள். ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 668 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் 733. விட்டம் 65 மில்லிமீட்டர் கூடுகிறது, ஆனால் ஹவுசிங்குக்குக் கீழே கிடைக்கும் கூடுதல் இடைவெளி அதில் பாதிதான், 33 மில்லிமீட்டருக்குக் குறைவு. அந்த ஒன்றேகால் அங்குலத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை: எல்லாக் கியரும் பத்து விழுக்காடு உயர்ந்துவிடும், லோ கியரின் இழுவை குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் போகும், ஆக்ஸில் ஷாஃப்ட்டுக்கும் வீல் பேரிங்குக்கும் சுமை ஏறும்.

ஆகவே கம்பெனி குறித்த அளவிலேயே, கல்லுக்கும் மண்ணுக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் வகை டயர் வாங்குங்கள். முழு மட் டயர் நம் சீமைக்குத் தேவையில்லை. தேரியில் அது மணலைத் தோண்டிக் குழி பறிக்கும். பாளையங்கோட்டை போய்வர ஓட்டினால் காது வலிக்கும்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. உடை மரமும் சீமைக்கருவேலமும் நிற்கும் வழியெல்லாம் முள் கொட்டிக் கிடக்கும். வெட்டிய கிளைகள் கிடக்கும் இடத்தில் சக்கரத்தை ஏற்றாதீர்கள். ட்யூப்லெஸ் டயராக இருந்தால் முள்ளைப் பிடுங்காமலே ஊர் வந்து சேருங்கள்.

தேரியில் ஓட்டுவது எப்படி?

சாத்தான்குளம், குதிரைமொழி, திசையன்விளை சுற்றியுள்ள தேரி மணல் கடற்கரை மணல் போன்றதல்ல. இரும்புத் தாது பூசிய மென்மையான சிவப்புத் துகள். தென்மேற்குக் காற்று குவித்த மேடு. ஆனி, ஆடியில் காற்று வீசும்போது நேற்றுப் பார்த்த தடம் இன்று இருக்காது. மழை பெய்து ஓரிரு நாளில் மணல் இறுகியிருக்கும், அதிகாலையிலும் ஓரளவு பிடிமானம் இருக்கும். கோடை மதியத்தில் அதே மணல் சக்கரத்தை விழுங்கிவிடும்.

முதல் வேலை காற்றைக் குறைப்பது. ட்யூப்லெஸ் டயருக்கு 15 அல்லது 16 பிஎஸ்ஐ. டயர் தரையில் படியும் நீளம் கூடி, வண்டி மணலின் மேலே மிதக்கும். ட்யூப் உள்ள பழைய டயருக்கு 18க்குக் கீழே போகாதீர்கள். காற்று மிகவும் குறைந்தால் டயர் ரிம்மில் நழுவி, ட்யூப் கூடவே சுழன்று, வால்வின் கழுத்து அறுந்துவிடும். திரும்பி வரும்போது காற்றடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்க வேண்டும். தளர்ந்த டயரோடு நாற்கரச் சாலையில் ஏறி வேகம் எடுப்பது உயிருக்கு ஆபத்து.

மணலுக்குள் நுழையும் முன்பே ஃபோர் வீலில் போடுங்கள். புதைந்தபின் போட்டுப் பயனில்லை. ஒரே சீரான வேகம், பெரிய வட்டத்தில் திருப்பம். நிறுத்த வேண்டுமானால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை விட்டு, இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். பிரேக் அடித்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு மணல்மேடு குவிந்து, கிளம்பும்போது அதைத்தான் முதலில் ஏற வேண்டியிருக்கும். சக்கரம் இடத்திலேயே சுற்றத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள். வந்த தடத்திலேயே பின்னால் போய், மறுபடி முயலுங்கள். பிடிவாதமாக மிதித்தால் ஹவுசிங் மணலில் உட்கார்ந்துவிடும், பிறகு மண்வெட்டிதான்.

தேரியில் காப்புக்காடாக உள்ள பகுதிகள் உண்டு. அங்கே வண்டி இறக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் கொல்லாமரத் தோப்பும் பனை வடலியும் யாரோ ஒருவருடைய பிழைப்பு. அனுமதி கேட்டபின் இறங்குங்கள். மணலைப் பிடித்து வைத்திருக்கும் செடிகொடிகளின் மேல் ஏற்றாதீர்கள். அவை போனால் மணல் பக்கத்து வயலுக்குள் நடந்துவிடும்.

கரிசல் காட்டில்?

காய்ந்திருந்தால் எந்த வண்டியும் போகும். நனைந்திருந்தால் எந்த வண்டியும் வேண்டாம். கயத்தாறு, சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல், ஈரம் பட்டதும் ஊதி ஒட்டும் களி. டயரின் பள்ளங்களை நிரப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தைச் சுற்றவே விடாது. ஐப்பசி, கார்த்திகையில் வண்டிப்பாதையில் நீங்கள் பதித்துவிட்டுப் போகும் பள்ளம் வெயில் வந்ததும் கல்லாக இறுகும். அறுவடைக்கு டிராக்டர் ஓட்டுகிறவர் அந்தப் பள்ளத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். மழை விட்டு நிலம் வெடிக்கத் தொடங்கும்வரை காத்திருங்கள்.

ஓடையையும் தரைப்பாலத்தையும் கடக்கலாமா?

ஓடும் வெள்ளத்தைக் கடக்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கு வைக்க எனக்கு மனமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது, குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. கலங்கிய நீருக்கு அடியில் தரைப்பாலம் இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. முழங்காலுக்குக் கீழே ஓடும் நீரே வண்டியைத் தள்ளிவிடும். உயர்த்திய வண்டிக்கும் இதே கதிதான்.

தேங்கி நிற்கும் தெளிந்த நீர் வேறு. முதலில் கையில் கம்போடு நடந்து பாருங்கள். ஆழம் சக்கரத்தின் அச்சு உயரத்துக்குள் இருந்தால், தண்ணீரைத் தெறிக்கவிடாத மெதுவான, சீரான வேகத்தில் லோ கியரில் போகலாம். அதைவிட ஆழமானால் ஃபேன் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். சுழலும் ஃபேன் தண்ணீரில் முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று ஹவுசிங்கின் மூச்சுக்குழல். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சில நாளில் ஆயில் மோர் நிறமாகி, உள்ளே இருக்கும் க்ரவுன், பினியன் பல்சக்கரங்கள் கெட்டுவிடும். மூச்சுத் துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி என்ஜின் அறைவரை மேலே கொண்டுபோய்க் கட்டுங்கள். மிகக் குறைந்த செலவு. வண்டியில் செய்யக்கூடிய மிக நல்ல மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நடுநீரில் என்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெளியே இழுத்து, டீசலானால் இன்ஜெக்டரையும் பெட்ரோலானால் பிளக்கையும் கழற்றி, நீரை வெளியேற்றிய பிறகே சுற்றிப் பார்க்க வேண்டும். கரையேறியதும் பிரேக்கை இலேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி டிரம்மைக் காயவிடுங்கள்.

ஃபோர் வீலைத் தார்ச்சாலையில் போட்டு ஓட்டலாமா?

கூடாது. இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். வழுக்க இடம் தராத சாலையில் அந்த வேறுபாடு முறுக்காக ஏறி ஷாஃப்ட்டையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் தின்னும்.

டிஃப் லாக்கர் தேவையா?

பொத்தை அடிவாரத்துச் சரளையிலும் பாறையிலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது, சாதாரண டிஃபரென்ஷியல் இழுவையை அந்தச் சக்கரத்துக்கே விட்டுவிடும். லாக்கர் அதைத் தடுக்கும். ஆனால் வளைந்து கொடுக்கும் நல்ல பட்டையும் பாதை பார்த்து ஓட்டும் பழக்கமும் இருந்தால் நம் ஊர் வழிகளில் லாக்கர் இல்லாமலே பெரும்பாலும் சமாளிக்கலாம். அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

வண்டி சிக்கிக்கொண்டால் இழுக்க என்ன வேண்டும்?

செஸியோடு போல்ட் போட்டுப் பூட்டிய கொக்கி, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பம்பரில் வெல்டிங் வைத்த கொக்கியில் ஒருபோதும் இழுக்காதீர்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையிலும் கூடாது. அது ஒடிந்து பறந்தால் ஆளைக் கொன்றுவிடும். சங்கிலியைக் கட்டி வெடுக்கென்று இழுப்பது அதே அளவு ஆபத்தானது. இழுப்பதற்கென்றே செய்த, எடைத் திறன் எழுதிய துணிப்பட்டை, அதை மாட்ட இரண்டு டி ஷாக்கிள், மண்வெட்டி, இரண்டு பலகை. இழுக்கும்போது துணிப்பட்டையின் நடுவில் கனமான சாக்கையோ ஜமுக்காளத்தையோ போடுங்கள். பார்க்க வந்த சிறுவர்களைப் பட்டையின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில் நிறுத்துங்கள். இரண்டு வண்டியாகப் போனால் வின்ச் (வண்டியில் பூட்டும் இழுவை உருளை) வாங்கும் செலவு மிச்சம்.

மாற்றங்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முன்பக்கக் கம்பி பம்பர்களுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதினால் எதிரில் வருபவரின் உடம்பைக் கிழிப்பது அதுதான். என்ஜின் மாற்ற வேண்டுமானால் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம் விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகும்.

மாஞ்சோலைக்கும் களக்காடு மலைக்கும் ஏற்றிப் போகலாமா?

களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே பாதையை விட்டு இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாஞ்சோலைக்கு மணிமுத்தாறு சோதனைச் சாவடி வழியாக, வனத்துறை அனுமதித்தால், சாலையில் மட்டும் போகலாம். மலை நம்பி கோயிலுக்கு உள்ளூர் ஜீப்பிலேயே ஏறிப் போங்கள். அந்த ஓட்டுநர்கள் கல்லுக்குக் கல் சக்கரத்தை வைக்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

குளங்களும் அப்படியே. கோடையில் வறண்ட குளத்துப்படுகை ஓட்டிப் பார்க்க ஆசை காட்டும். ஆனால் கரையின் மேல் வண்டி ஏற்றினால் கரை இளகும். மழைக்காலத்தில் அந்த இடத்தில்தான் உடைப்பெடுக்கும். கூந்தன்குளம் போலப் பறவைகள் கூடு கட்டும் ஊர்களின் பக்கமே இரைச்சலோடு போகாதீர்கள். காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் சரளைப் பாதைகள் பழக நல்லவை. நிலம் யாருடையதோ அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே அடியைக் கழுவுங்கள். டிரம்களைக் கழற்றி மணலை ஊதி எடுங்கள். விட்டுவைத்தால் லைனிங்கும் டிரம்மும் சேர்ந்து தேயும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தேரித் துகள் மிக மெல்லியது, ஒரே நாளில் அடைத்துவிடும். பழைய ஆயில் குளியல் ஃபில்டரானால் ஆயிலை மாற்றிக் கிண்ணத்தைத் துடையுங்கள். தண்ணீரில் இறங்கியிருந்தால் இரண்டு ஹவுசிங்கின் ஆயில் வடிகால் நட்டையும் இலேசாகத் தளர்த்தி ஆயில் நிறத்தைப் பாருங்கள். ஜாயின்ட்டுகளுக்கும் ஷாக்கிளுக்கும் பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். பட்டையின் யூ போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்; டயரில் காற்று சாலைக்குரிய அளவுக்கு வந்துவிட்டதா என்று கேஜ் வைத்துச் சரிபாருங்கள்.